குதிரைக்கு 350 ரூபாய்

1859 ஆகஸ்டில் கல்கத்தாவில் ஒரு குதிரைக்குக் காயம் பட்டது. திருச்சிப் பக்கம் ஒரு போலீஸ்காரரின் கால் ஒரு மோட்டார் சைக்கிளை உதைத்ததைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு கல்கத்தாக் குதிரையிலிருந்து தொடங்குவது சுற்றி வளைப்பதாகத் தெரியலாம். சட்டம் அங்கேதான் தொடங்குகிறது, நான் என்ன செய்ய.

பி அண்டு ஓ என்கிற வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியின் கோச்சு வண்டி, கிட்டர்பூரில் சர்க்காருக்குச் சொந்தமான கப்பல் பட்டறை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. கூலியாட்கள் சிலர் கனமான இரும்புச் சாமான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பாதையில் போனார்கள். வண்டிக்காரன் சத்தம் போட்டான். முன்னால் பிடித்தவர்கள் ஒரு பக்கம் ஒதுங்கப் பார்த்தார்கள், பின்னால் பிடித்தவர்கள் இன்னொரு பக்கம். கடைசியில் இரும்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்கள். சத்தத்தில் குதிரைகள் மிரண்டு இரும்பின் மேல் பாய, ஒரு குதிரைக்கு அடி. கம்பெனி, இந்தியாவுக்கான மந்திரியின் பேரிலேயே வழக்குப் போட்டு 350 ரூபாய் வாங்கியது. கூலிகளுக்கு அடிபட்டதா என்பது வழக்கு அல்ல. குதிரைதான் வழக்கு.

1861ல் அந்த வழக்கில் தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீகாக் ஒரு கோடு போட்டார். கம்பெனி சர்க்கார் வியாபாரியாகவும் இருந்தது, ராஜாவாகவும் இருந்தது. பட்டறை நடத்துவது எந்த வியாபாரியும் செய்கிற வேலை. அதில் ஒருவனுக்கு நட்டம் வந்தால் சர்க்கார் கொடுத்தாக வேண்டும். ராஜா என்ற முறையில் செய்கிற காரியத்தில் நட்டம் வந்தால் வழக்கு கிடையாது. கோடு இவ்வளவுதான். 1950ல் நாம் நமக்கென்று எழுதிக்கொண்ட அரசியல் சட்டத்தின் 300வது பிரிவும், வேறு சட்டம் இயற்றப்படும்வரை அரசின் மேல் வழக்குப் போடுகிற விஷயத்தில் முன்பு எப்படியோ அப்படியே என்று விட்டுவிட்டது. ‘முன்பு’ என்பதைத் தேடிக்கொண்டு 1935ம் வருடச் சட்டம், 1915ம் வருடச் சட்டம், 1858ம் வருடச் சட்டம் என்று படியிறங்கினால் கிட்டர்பூர்க் குதிரைக்கு எதிரில் போய் நிற்கிறோம்.

அதே 1859ல்தான் சென்னை மாகாணத்துக்கு மாவட்டப் போலீஸ் சட்டம் வந்தது. அதற்கு நான்கு வருடம் முன்பு, 1855ல், சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கை கொடுத்திருந்தது. வரி வசூலுக்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கும் குடியானவர்களைத் தாசில் சேவகர்கள் என்னவெல்லாம் செய்தார்கள் என்பதை வெள்ளைக்கார அரசாங்கமே எழுதி அச்சடித்தது. அந்த அவமானத்துக்குப் பரிகாரமாகத்தான் புதுப் போலீஸ். ஆனால் அந்தப் புதுச் சட்டத்தின் 53வது பிரிவைப் பாருங்கள்: இந்தச் சட்டப்படி செய்த காரியத்துக்காகப் போலீசின் மேல் வழக்குப் போடுவதானால் 3 மாதத்துக்குள் போட வேண்டும், ஒரு மாதம் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அடிபட்டவனுக்கு மாவுக்கட்டுப் பிரிக்கும்போதே கெடு முடிந்துவிடும். சித்திரவதையை ஒழிக்க வந்த சட்டம், சித்திரவதைக்கு எதிரான வழக்குக்குக் கெடு வைத்துக்கொண்டே வந்தது.

இனி துவாக்குடி.

திருவானைக்காவலிலிருந்து பைபாஸ் ஏறினால் காவிரியைக் கடந்து சஞ்சீவி நகர், பால்பண்ணை. இடது பக்கம் திரும்பித் தஞ்சாவூர் ரோட்டைப் பிடித்தால் அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர், பெல் கணேசா ரவுண்டானா, அப்புறம் துவாக்குடி. பைக்கில் முக்கால் மணி நேரம். 2018 மார்ச் 7ந் தேதி, மகளிர் தினத்துக்கு முதல்நாள், தஞ்சாவூர்ப் பக்கமிருந்து திருச்சியை நோக்கிக் கணவனும் மனைவியும் ஒரே பைக்கில் வந்தார்கள். துவாக்குடி சுங்கச்சாவடியருகே ஹெல்மெட் சோதனை. நின்று பேசிக்கொண்டிருந்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று, போக்குவரத்துக் காவல் ஆய்வாளர் ஒருவர் வேறு வண்டியில் துரத்திக்கொண்டு போய்க் கணேசா ரவுண்டானா அருகில் ஓடுகிற பைக்கை எட்டி உதைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த உஷா கீழே விழுந்து செத்துப்போனார். சனங்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். திருச்சி-தஞ்சாவூர் நெடுஞ்சாலை மணிக்கணக்கில் ஓடவில்லை. உதைத்ததற்கு நியாயம் கேட்டவர்கள்மேல் தடியடி. அப்புறம் ஆய்வாளர் கைது, தற்காலிகப் பணிநீக்கம்.

அன்றைக்கு ஹெல்மெட் போடாத குற்றத்தின் விலை 100 ரூபாய். மோட்டார் வாகனச் சட்டம் 177வது பிரிவு, முதல் தடவைக்கு 100. வண்டி நிற்காமல் போனால் என்ன செய்வது என்றும் அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. நம்பரைக் குறித்துக்கொள்ளலாம்; ஓட்டியது யார் என்று வண்டிச் சொந்தக்காரர் சொல்லியாக வேண்டும், 133வது பிரிவு. வீட்டுக்கு நோட்டீஸ் போகும். துரத்து என்றோ உதை என்றோ எந்தப் பிரிவும் சொல்லவில்லை. 2015 ஜூலையிலிருந்து உயர்நீதிமன்ற உத்தரவின் பேரில் ஹெல்மெட் கட்டாயம் ஆனது. தலையைக் காப்பாற்றுவதற்காக வந்த உத்தரவு அது.

அந்தச் சாவுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் நடந்த விவாதத்தை நான் மறக்கவில்லை. உஷா கர்ப்பிணி என்று செய்தி வந்தது. பிறகு, பிரேதப் பரிசோதனையில் அப்படி இல்லை என்று செய்தி வந்தது. உடனே டீக்கடையில், டிவியில், ‘அப்படியா, அப்ப புரளியா?’ என்று ஒரு சின்ன ஆசுவாசம். ஒரு பெண்ணை உதைத்துக் கொன்றது போதாது போல, அதற்கு மேல் ஒன்று தேவைப்பட்டிருக்கிறது நமக்கு. உஷாவின் சாதி என்ன என்றும் கேட்டார்கள், நம் தோழர்களே கேட்டார்கள். அதை வைத்துத்தான் வருவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற பழக்கம் எல்லா இயக்கத்துக்கும் வந்துவிட்டது. இந்தக் கட்டுரைக்கு அது தேவையில்லை. ஓடுகிற வண்டியை உதைக்கலாம் என்கிற தைரியம் ஒரு காலுக்கு எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம். அந்தத் தைரியம் எங்கள் சனத்தின் மேல் பழகிப் பழகி வந்தது. பழகின கால் அப்புறம் ஆள் பார்ப்பதில்லை.

பாதையில் நிற்பவனை அடித்து விலக்குவது எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய கதைதான். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திருவானைக்காவலும் சீரங்கமும் ஒரே தீவு. திருப்பாணாழ்வார் கதையை இங்கே எல்லாரும் சொல்லுவார்கள், பெருமையாகச் சொல்லுவார்கள். உறையூர்ப் பாணர். தீட்டு என்று தீவுக்குள் கால் வைக்காமல் காவிரிக் கரையில் நின்று பாடிக்கொண்டிருந்தார். பெருமாளுக்குத் தீர்த்தம் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொன்னார். பாணர் காதில் விழவில்லை. கல்லால் அடித்தார். ரத்தம் வந்தது. அப்புறம் பெருமாள் நெற்றியிலும் ரத்தம் வர, முனிவரே பாணரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டுபோனார், பாணர் ஜோதியில் கலந்தார் என்று முடியும். சின்ன வயதில் கேட்டபோது முனிவர் தோள் ஏறியது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்போது பார்த்தால் அடிபட்டவர் ஆளே இல்லாமல் போய்விட்டார், அடித்தவருக்குச் சுமந்த புண்ணியம். பாணரின் தெருவிலிருந்து அடுத்த ஆள் மறுநாள் அந்தக் கரையில் நிற்கலாமா என்பதற்குக் கதையில் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் வேறு வழியில் வந்தது. 1893ல் அய்யன்காளி, திருவிதாங்கூரில் வில்வண்டி கட்டிக்கொண்டு புலையர் நடக்கக்கூடாத ராஜபாட்டையில் ஓட்டிப் போனார். மறித்தவர்களை எதிர்த்து நின்றார். 1924ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லாருக்கும் என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். வைக்கம் தெருவில் சத்தியாகிரகம் தொடங்கியதும் அதே வருடம். சாலை நமக்குச் சும்மா வந்ததல்ல. அதில் போகிறவனை நிறுத்தி, ‘எந்த ஊரு?’ என்று கேட்டு, ஊர் சொன்ன பிறகு ‘எந்தத் தெரு?’ என்று கேட்கிற ஒவ்வொரு தடவையும் 1924க்கு முன்னால் கொண்டுபோய் விடுகிறார்கள். லைசென்சில் எல்லாம் எழுதியிருக்கிறது; தெருவை வாயால் சொல்லிக் கேட்க வேண்டும் அவர்களுக்கு. என்னையும் கேட்டிருக்கிறார்கள். வண்டியில் ஒட்டியிருக்கிற அம்பேத்கர் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே தெரிந்துகொண்டவர்களும் உண்டு.

உஷா குடும்பத்துக்கு முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி 7 லட்சம் ரூபாய் அறிவித்தார். 2021 ஜூன் 22ல் சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச்சாவடியில் பைக்கில் வந்த முருகேசனை ஒரு சிறப்பு உதவி ஆய்வாளர் லத்தியால் அடித்தார், முருகேசன் மறுநாள் இறந்தார். முதலமைச்சர் ஸ்டாலின் 10 லட்சம் அறிவித்தார். ஆட்சி மாறினாலும் வாசகம் மாறுவதில்லை: துயருற்றேன், ஆழ்ந்த இரங்கல், பொது நிவாரண நிதியிலிருந்து. நிவாரண நிதி என்பது வெள்ளம் வந்தால், இடி விழுந்தால், பட்டாசு ஆலை வெடித்தால் கொடுக்கிற நிதி. லத்தியையும் இடியையும் ஒரே கணக்கில் எழுதுகிறார்கள். அடித்தது அரசின் கை என்று அந்த அறிவிப்பில் ஒரு சொல் இருக்காது. பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏழெட்டு லட்சத்தை வேண்டாம் என்று அடுத்தவன் வீட்டுக்காகச் சொல்வதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் அதன் பெயர் என்ன என்று கேட்கலாம் அல்லவா? கருணைத்தொகை. கொடுப்பவன் மனசு இளகிக் கொடுப்பது. மனசு இளகாவிட்டால் இல்லை.

ஆனைக்கா கோயிலின் வெளிமதிலைத் திருநீற்றான் மதில் என்று சொல்வார்கள். சிவன் சித்தராக வந்து மதில் கட்டுகிற வேலையை மேற்பார்த்தாராம். சாயங்காலம் கூலிக்குப் பதிலாக ஆளுக்குக் கொஞ்சம் விபூதி கொடுத்தாராம். அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அது பொன்னாக மாறியதாம். அந்த மதிலோரம் நடக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, பொன்னாக மாறாத சித்தாள்களைப் பற்றித்தான். ‘நீ சரியா வேலை செஞ்சிருக்க மாட்டே’ என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். கூலி கடன், கேட்டு வாங்கலாம், கொடுக்காவிட்டால் சண்டை போடலாம். விபூதியைக் கையேந்தித்தான் வாங்க வேண்டும்.

தமிழ் படித்தவன் என்பதால் எங்கள் தெருவில் மனு எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. நூற்றுக்கணக்கில் எழுதியிருப்பேன். பட்டா, தொகுப்பு வீடு, சாதிச் சான்றிதழ், சுடுகாட்டுப் பாதை, போலீஸ் அடித்தது. எல்லாவற்றுக்கும் ஒரே நடை. ‘ஐயா அவர்களின் சமூகத்துக்கு’ என்று தொடங்கும். ‘தாழ்மையுடன் சமர்ப்பிக்கும்’ என்று போகும். ‘கருணை கூர்ந்து’ என்று முடியும். கை ஒடிந்தவனுக்கும் கருணை கூர்ந்துதான். பிராது என்று ஒன்று இருக்கிறது. அதன் நடையைப் பாருங்கள். அதில் ஐயா கிடையாது. வாதி, பிரதிவாதி. எங்கள் தெரு ஆள் வாதி. 1வது பிரதிவாதி தமிழ்நாடு அரசு, மாவட்ட ஆட்சித்தலைவர் மூலமாக. ‘பிரதிவாதி வாதிக்கு இன்ன தொகை கொடுக்கக் கடமைப்பட்டவர்.’ சேரிக்கு வெளியே அரசாங்கத்தைப் பிரதிவாதி என்று கூப்பிடுகிற மொழி காலம் காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. நிலக்காரர்கள், காண்ட்ராக்டர்கள், ஆலைக்காரர்கள் தினமும் கூப்பிடுகிறார்கள். நாம் மட்டும் இன்னும் சமூகத்துக்குச் சமர்ப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த மொழியில் பேசினால் ஜெயித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கஸ்தூரிலால் வழக்கு என்று சட்டக் கல்லூரி மாணவர்கள் படிப்பார்கள். 1947 செப்டம்பர் 20, பிரிவினைக் காலம். அமிர்தசரஸிலிருந்து ரலியாராம் என்கிற நகை வியாபாரி தங்கம் வெள்ளி விற்க மீரட் வந்தார். நடுராத்திரி சௌப்லா பஜார் வழியாகப் போனவரை மூன்று போலீஸ்காரர்கள் நிறுத்தினார்கள். சந்தேகம். சோதனை போட்டு, கொத்தவாலிக்குக் கொண்டுபோய் லாக்கப்பில் வைத்து, தங்கம் 100 தோலாவுக்கு மேல், வெள்ளி 2 மணங்குக்கு மேல் பிடுங்கிக்கொண்டார்கள். மறுநாள் ஜாமீன். வெள்ளி திரும்பி வந்தது. தங்கத்தை ஒரு தலைமைக் காவலர் எடுத்துக்கொண்டு பாகிஸ்தான் ஓடிவிட்டார். கீழ்க்கோர்ட்டில் 11 ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு டிக்ரி ஆனது. அலகாபாத் உயர்நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1964 செப்டம்பர் 29ல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? போலீஸ் அசட்டையாக இருந்தது உண்மை, தங்கம் போனது உண்மை. ஆனால் ஆளைப் பிடிப்பதும் பொருளைப் பறிமுதல் செய்வதும் ராஜ அதிகாரம். ஆகவே அரசு கொடுக்க வேண்டியதில்லை. பீகாக் போட்ட கோடு. தலைமை நீதிபதி கஜேந்திர கட்கருக்கே அது மனசுக்கு ஒப்பவில்லை. சட்டம் இயற்றுங்கள் என்று எழுதினார். சட்டக் கமிஷன் 1956ல், அதன் முதல் அறிக்கையிலேயே இதைச் சொல்லியிருந்தது. அறுபதுகளில் மசோதாக்கள் வந்து காலாவதியாயின. நகை வியாபாரிக்கே 17 வருடம் அலைந்து கிடைத்தது இதுதான். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1962ல், ராஜஸ்தானில் கலெக்டர் ஜீப் மோதிச் செத்த ஒருவரின் மனைவிக்கு அரசு கொடுக்க வேண்டும் என்று அதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அரசாங்க வண்டி உங்கள்மேல் மோதினால் இழப்பீடு உண்டு, அரசாங்கம் உங்கள் வண்டியை நிறுத்தினால் இல்லை.

உடைப்பு 1983ல் வந்தது. பீகாரில் ருதுல் ஷா, விடுதலை ஆன பிறகும் 14 வருடம் சிறையில் கிடந்தார். உச்ச நீதிமன்றம் ரிட் மனுவிலேயே 35 ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. இன்னும் வேண்டுமானால் சிவில் வழக்குப் போட்டு வாங்கிக்கொள் என்றும் சொன்னது. 1993ல் ஒரிசாவில் போலீஸ் காவலில் மகனை இழந்த நீலாவதி பெஹரா எழுதிய கடிதத்தையே ரிட்டாக எடுத்துக்கொண்டு ஒன்றரை லட்சம் கொடுக்கச் சொன்னார்கள். அடிப்படை உரிமை பறிபோன இடத்தில் ராஜ அதிகாரம் என்ற பேச்சு செல்லாது என்பது அந்தத் தீர்ப்பு. 1994ல் நாகேந்திர ராவ் வழக்கில் அந்தக் கோட்டையே பழங்காலத்துச் சரக்கு என்றார்கள். 1996 டிசம்பர் 18ல் டி.கே. பாசு வழக்கு, கைது செய்யும்போது போலீஸ் என்னென்ன செய்ய வேண்டும் என்று 11 கட்டளைகள். தமிழ்நாட்டில் மனித உரிமை ஆணையம் 1997ல் வந்தது. அதன் பரிந்துரை வெறும் பரிந்துரை என்று அரசு அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தது. 2021 பிப்ரவரியில்தான் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு, அது அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. இவ்வளவு வந்த பிறகும் கஸ்தூரிலால் தீர்ப்பை நேரடியாக ஒருவரும் ரத்து செய்யவில்லை. சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள், நடுத்தெருவில் கிடக்கிற மாட்டைச் சுற்றிக்கொண்டு போவது போல.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு வருடத்தைச் சொல்கிறேன். 1871. அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த பிறகு கறுப்பர்களைக் கு க்ளக்ஸ் கிளான் கொன்று குவித்தபோது, ஏப்ரலில், ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: அதிகாரத்தின் பேரால் உரிமையைப் பறிக்கிற அதிகாரியைப் பாதிக்கப்பட்டவர் நேராக வழக்குக்கு இழுக்கலாம். அதே 1871 அக்டோபரில் இந்தியாவில் வந்தது குற்றப் பரம்பரைச் சட்டம். அது 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் கள்ளரையும் குறவரையும் இன்னும் பல சாதிகளையும் ரேகை வைக்கச் சொன்னது, ராத்திரி ஊர்விட்டுப் போகாதே என்றது, வழியில் பார்த்தால் நிறுத்தச் சொன்னது. அங்கே அதிகாரியை நிறுத்தச் சட்டம், இங்கே மனுஷனை நிறுத்தச் சட்டம். 1952ல் நாடு முழுக்க அது ஒழிந்தது. அதைப் படித்துப் பழகின கண் ஒழியவில்லை.

அமெரிக்கச் சட்டத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. 1991ல் லாஸ் ஏஞ்சல்ஸில் காரைத் துரத்தி நிறுத்தி ராட்னி கிங்கை அடித்த போலீஸ்காரர்களை முதல் ஜூரி தண்டிக்கவில்லை, ஊர் எரிந்தது. 1994ல் சிவில் வழக்கில் அவருக்கு 38 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னார்கள். கொடுக்க வேண்டியது நகரசபை. 2015ல் டெக்ஸாஸில் சிக்னல் போடாமல் லேன் மாறினார் என்று சான்ட்ரா பிளாண்டை நிறுத்தினார்கள், மூன்றாம் நாள் ஜெயிலில் பிணம். குடும்பத்துக்கு 19 லட்சம் டாலர் சமரசம். அதிகாரிக்குத் தெளிவாகத் தெரிந்த உரிமையை மீறினால்தான் அவர் பொறுப்பு என்று 1967லிருந்து நீதிமன்றங்கள் சட்டத்தின் பல்லைப் பிடுங்கிக்கொண்டே வந்தன. ஆனாலும் ஒரு விஷயம் நமக்கு வேண்டும். 1966ல் ஓக்லண்டில் ஹ்யூ நியூட்டனும் பாபி சீலும் கருஞ்சிறுத்தைகள் கட்சியை ஆரம்பித்தபோது முதலில் செய்த வேலை என்ன? போலீஸ் வண்டியின் பின்னாலேயே போவார்கள். கறுப்பர் ஒருவரை ரோட்டில் நிறுத்தினால் சட்டப்படியான தூரத்தில் நின்றுகொண்டு சட்டப் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பார்கள். அந்தப் பெயரைத்தான் 1972ல் பம்பாயில் தலித் பேந்தர்கள் எடுத்துக்கொண்டார்கள். மதுரையில் மலைச்சாமி வழியாக அது தமிழ்நாட்டுக்கு வந்தது. துப்பாக்கியும் வைத்திருந்தார்களே என்பீர்கள். வைத்திருந்தார்கள். நம்மாட்கள் சிறுத்தையின் உறுமலை எடுத்துக்கொண்ட அளவுக்கு அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் ஆதங்கம்.

2022 ஏப்ரல் 18 ராத்திரி சென்னை கெல்லீஸில் வாகனச் சோதனையில் ஆட்டோவை நிறுத்தினார்கள். உள்ளே இருந்த விக்னேஷ் மெரினாவில் குதிரை ஓட்டுகிற வேலை பார்த்தவர், தலித், 25 வயது. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் இறந்துபோனார். கஞ்சா, கத்தி என்று வழக்கமான பாட்டு. பிரேதப் பரிசோதனையில் உடம்பில் காயங்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போய், கொலை வழக்காக மாறி, போலீஸ்காரர்கள் கைதானார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளும் சேர்ந்தன. வண்டிச் சோதனை என்று தொடங்கியதை வன்கொடுமை என்று பதிய வைத்தது சின்ன விஷயம் இல்லை. 1989ம் வருடச் சட்டம் 1990 ஜனவரி 30ல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து நம்முடைய போராட்டத்தில் பாதி, அதைப் பதிய வைக்கிற போராட்டம்தான். அந்தச் சட்டத்திலும் தொகை உண்டு, அட்டவணை போட்டு உண்டு, அதன் பெயர் தீருதவி. அது கருணை அல்ல, விதிப்படி கொடுத்தாக வேண்டியது. ஆனால் அந்தக் குடும்பத்துக்கும் முதலில் அறிவித்தது நிவாரண நிதி 10 லட்சம்தான்.

எங்கள் பக்கத்து வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். பெயரும் ஸ்டேஷனும் வேண்டாம், வழக்கு நடக்கிறது. பையன் குட்டியானை ஓட்டுகிறான், அந்தச் சின்ன லோடு வண்டிக்கு இங்கே அதுதான் பெயர். வாழைத்தார் லோடு. விடியக்காலை மூன்று மணிக்கு மார்க்கெட்டுக்குப் போனவனை நிறுத்தியிருக்கிறார்கள். பேப்பரெல்லாம் சரியாக இருந்தது. வழக்கமாகக் கொடுப்பது கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ‘இறங்குடா’. இறங்கத் தாமதம். ஜன்னலில் வைத்திருந்த கையில் லத்தி. முன்கை எலும்பு இரண்டாகப் போனது. அடித்தவர்களே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ‘வண்டியிலேர்ந்து இறங்குறப்ப வழுக்கி விழுந்துட்டான்’ என்று சொன்னார்கள். மூன்று மாதம் வண்டி ஓடவில்லை. வண்டித் தவணை நிற்கவில்லை.

நாலாம் நாள் ஒரு கவர் வந்தது. உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் கொண்டுவந்தார். ‘ஐயா குடுக்கச் சொன்னாரு, வைத்தியச் செலவுக்கு.’ அந்தம்மா கவரைத் தொடவில்லை, திருப்பியும் கொடுக்கவில்லை. அது ஒரு ராத்திரி முழுக்க டிவி மேல் இருந்தது. மறுநாள் என்னிடம் கேட்டார்: “கேசு போட்டா என்னா ஆவும் தம்பி?” சொன்னேன். அரசின் மேல் வழக்கென்றால் சிவில் நடைமுறைச் சட்டம் 80வது பிரிவுப்படி முதலில் இரண்டு மாத நோட்டீஸ். “அப்ப ரெண்டு மாசம் அவங்களுக்கு நாம கேசு போடப் போறோம்னு தெரியும்.” ஆமாம். “நாளைக்கும் இதே ரோட்லதான தம்பி எம்மவன் போவணும்.” எந்தச் சட்டப் புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை. கோர்ட்டு ஸ்டாம்புக்கு என்ன செய்வது என்றார். அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. 1987ம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12வது பிரிவு: பட்டியல் சாதியார், பழங்குடியாருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல், கோர்ட்டுக் கட்டணமும் அதில் அடக்கம். முன்பு தமிழ்நாட்டில் கேட்கிற தொகையில் நூற்றுக்கு ஏழரை ரூபாய் கட்டணம், 2017ல்தான் 3 ஆகக் குறைந்தது. மூன்றைக் கட்டவும் நம்மிடம் ஏது? இந்த 12வது பிரிவு நம் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. படித்த பிள்ளைகளுக்கும் தெரியவில்லை.

இரண்டு நாள் யோசித்தார். பிறகு கவரைப் பிரமுகர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தார். நோட்டீஸ் பதிவுத் தபாலில் போனது. அந்த இரண்டு மாதத்தில் மகன் ஓட்டவில்லை, தம்பி ஓட்டினான். அவனை ஐந்து தடவை நிறுத்தினார்கள். ஐந்து தடவையும் தேதி, மணி, இடம் எழுதி வைக்கச் சொன்னோம். ஐந்தாம் தடவை அவன் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்ததும், ‘போ, போ’ என்று விட்டார்களாம். வழக்கு நம்பர் ஆனது. அரசுத் தரப்பில் எதிருரை வந்தது: வாதி வழுக்கி விழுந்தார், காவலர்கள் மனிதாபிமானத்தோடு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மனிதாபிமானம் என்று அச்சில் படித்ததும் அந்தம்மா சிரித்த சிரிப்பை எழுத எனக்கு வரவில்லை. அதற்கப்புறம் வாய்தா மேல் வாய்தா.

இந்த வழக்கு நிற்கிறதென்றால் ஒரு காகிதத்தின் மேல் நிற்கிறது. ஆஸ்பத்திரியில் போலீஸ் வெளியே போன நேரம் பார்த்து, மாவுக்கட்டுப் போட வந்த டியூட்டி டாக்டரிடம் பையன் சொல்லிவிட்டான், “விழல சார், அடிச்சாங்க” என்று. டாக்டர் ஒன்றும் பேசவில்லை. விபத்துப் பதிவேட்டில், முன்பு எழுதியிருந்ததற்குக் கீழே, ‘காவலர் ஒருவர் லத்தியால் தாக்கியதாக நோயாளி கூறுகிறார்’ என்று எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்துப் போட்டார். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள், கொடுக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அடிபட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களோடு போகிற தோழர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, போலீஸ் அருகில் இல்லாத அந்த ஐந்து நிமிஷத்தை உண்டாக்குவது. டீ வாங்கிக் கொடுக்கிறேன் வாங்க சார் என்று கூட்டிக்கொண்டு போகலாம். எக்ஸ்ரே எடுக்கப் போகும்போது சொல்லலாம். என்ன தேதி, என்ன நேரம், எந்த இடம், எதனால் அடித்தார்கள், எத்தனை பேர், சட்டையில் பெயர்ப் பட்டை இருந்ததா. பெயர் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதச் சொல்லுங்கள், ஆனால் ‘காவலர்’ என்ற சொல் அந்தப் பதிவேட்டில் இருக்க வேண்டும். மனு எழுத நான் இருக்கிறேன், இன்னும் பத்துப் பேர் இருப்பார்கள். அந்தச் சொல்லை அந்த நேரத்தில் அங்கே எழுத வைக்க, அடிபட்டவனோடு ஆஸ்பத்திரியில் இருக்கிற ஆளால்தான் முடியும்.